கடற்சாமந்தியும் அதன் குடித்தன இறாலும்

(புனே நகரத் தமிழன்பர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடற்கரையை விட்டு வெகு தூரம் வந்து, சஹ்யாத்திரி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் குடியேறியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் நடுவில், ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாத ஒரு கடல் இறாலைப் பற்றி மாலைப் பொழுது முழுவதும் பேச ஒருவன் துணிந்தால், அதற்குரிய நியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது அவன் கடமை. இந்நகரத்தில் நன்னீர்த் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது பழைய வழக்கம். உப்புநீர்த் தொட்டி வைத்து, அதில் பவளப்பாறையின் ஒரு மூலையையாவது வீட்டுக் கூடத்தில் அமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அண்மைக் காலத்தில் பரவியது. அந்த ஆசை கொண்ட இளைஞர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே: அழகான சிறு இறால் ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன், சில வாரங்களில் அது காணாமற் போயிற்று, மறுபடி வாங்கலாமா? வேண்டாம் என்பதே என் விடை. அந்த விடைக்குரிய காரணங்களை ஒருவருக்கொருவர் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் ஒரு சபையில் சொல்லிவிடுவது நலம் என்று கருதியே இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

அந்தப் பிராணியைத் தனியே எடுத்து வளர்க்க முடியாது. அது எதனோடு சேர்ந்து வாழ்கிறதோ அதைத்தான் நாம் வளர்க்க வேண்டும். அது செழித்திருந்தால் இறால் தானே பிழைத்துக்கொள்ளும்.

எந்த இறாலைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாம் உணவுக்கு வாங்கும் வெள்ளை இறாலும் அல்ல, கருவாட்டுக் கடையில் குவித்து வைக்கும் கூனி இறாலும் அல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் லட்சத்தீவுகளிலும் அந்தமானிலும், பொதுவாக இந்துமாக்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரையிலும் உள்ள ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில், கடற்சாமந்தி என்ற பூவுருவப் பிராணியின் மேல் குடியிருக்கும் இறால் இது. ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். 1902 ஆம் ஆண்டில் ஷென்கெல் என்பவர் செலிபஸ் தீவுப் பகுதியிலிருந்து கிடைத்ததை வைத்து இதை வர்ணித்துப் பெயரிட்டார். வசதிக்காகச் சாமந்தி இறால் என்றே இதை அழைத்துக்கொள்வோம். உடல் முற்றும் ஒளி ஊடுருவும் தன்மையது. ஆங்காங்கே பால் வெண்மையான திட்டுகள். வால் விசிறியில் கருவளையம் சூழ்ந்த ஆரஞ்சு நிறப் புள்ளிகள் ஐந்து. பெண் பெரியது, ஆண் அதில் பாதியே இருக்கும். ஒரு சாமந்தியில் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகத் தம்பதியாய் வாழ்கின்றன. மூன்றாவதாக ஒன்று வந்து சேர்வதை அவை விரும்புவதில்லை. இதே வகை வாழ்க்கை நடத்தும் இன்னொரு சிற்றிறாலும் உண்டு: தார் அம்பாயினென்சிஸ். 1888 இல் தெ மான் என்ற டச்சுக்காரரால் பெயரிடப்பட்டது, அரை அங்குலமே உள்ளது, வாலை முதுகின் மேல் தூக்கி ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பது. கடைகளில் இதற்குச் சூட்டியிருக்கும் ஆங்கிலப் பெயரை இந்தச் சபையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடற்சாமந்தியைக் கண்டிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது விலங்கு; பவளத்திற்கு நெருங்கிய உறவு; ஆனால் பவளத்தைப் போல் சுண்ணாம்பு எலும்பைக் கட்டிக்கொள்வதில்லை. அடிப்பாதத்தால் பாறையையோ மணலுக்கடியிலுள்ள கல்லையோ பற்றிக்கொண்டு, மேலே வட்டமான வாய்த்தட்டையும் அதைச் சுற்றிலும் எண்ணற்ற உணர்கொம்புகளையும் விரித்து வைத்திருக்கும். அந்தக் கொம்பு ஒவ்வொன்றிலும் நுண்ணிய நச்சுக் கணைகள் ஆயிரக்கணக்கில் சுருண்டு மறைந்திருக்கின்றன. மீன் குஞ்சு ஒன்று அறியாமல் உரசினால் அவை வெடித்துப் பாய்ந்து அதை மரத்துப்போகச் செய்கின்றன. பிறகு கொம்புகள் அந்த இரையை மெல்ல மெல்ல வாய்க்குத் தள்ளுகின்றன. நம் இறால் மிகவும் விரும்பித் தங்கும் கம்பளச் சாமந்திகளில் ஒன்றுக்கு ஸ்டிக்கோடாக்டிலா ஹட்டோனி என்று பெயர். மணற்பாங்கான இடத்தில் அரை மீட்டர் அகலத்திற்கும் மேல் விரிந்து கிடக்கும் இந்தச் சாமந்தி, தொந்தரவு செய்தால் மணலுக்குள் சுருங்கி மறைந்துவிடும்.

பெயரிலுள்ள ஹட்டன், ஆல்ஃப்ரெட் கார்ட் ஹட்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1888 இல் பவளப்பாறைகளையும் கடற்பிராணிகளையும் ஆராய்வதற்காக ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள டாரஸ் ஜலசந்திக்குப் போனவர், அங்கே வாழ்ந்த மக்களின் வாழ்க்கையில் ஈடுபட்டு மானிடவியலாளராகவே மாறிப்போனார். இதே மாற்றம் நம் சென்னையிலும் ஒருவருக்கு நேர்ந்தது: சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் ஆராய்ந்து எழுதியவர், பின்னர் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு பாகங்கள் கொண்ட நூலை 1909 இல் வெளியிட்டார். அதே 1909 ஆம் ஆண்டில்தான், அவருடைய யோசனையை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அமைக்கப்பட்ட கடல்மீன் காட்சிச் சாலை திறக்கப்பட்டது.  இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. பழைய நிலையில் மறுபடி திறக்கப்படவேயில்லை. கடலை உற்றுப் பார்த்த இவ்விருவரும் பிறகு ஏன் மனிதர் பக்கம் திரும்பினார்கள் என்பது தனியே ஆராயத் தக்க விஷயம். இன்று அதற்குள் புகுந்தால் நாம் வெளியே வர மாட்டோம்.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறேன். தனக்கு ஆதாயம் பெற்றுக்கொண்டு, தங்க இடம் கொடுத்தவருக்கு நன்மையும் செய்யாமல் தீமையும் செய்யாமல் உடன் வாழும் உறவு ஒன்று இயற்கையில் உண்டென்று பாடப்புத்தகங்கள் கூறும்; அதற்குச் சாமந்தி இறாலையே உதாரணமாகவும் காட்டும். பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் வான் பெனெடன் 1870களில் இந்தக் கருத்தைப் பரப்பிய காலந்தொட்டு இந்த வகுப்புமுறை நிலைத்திருக்கிறது. பிரத்யட்சத்தில் விஷயம் அவ்வளவு சாதுவாக இல்லை. இந்தப் புனே நகரத்தில், முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வாடா வீடுகளில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில், தாத்தா காலத்து வாடகையையே கொடுத்துக்கொண்டு, வேண்டும்போது சுவரில் ஆணி அடித்துக்கொண்டு, வீட்டுக்காரரின் முற்றத்துத் துளசியிலும் இரண்டு இலை கிள்ளிக்கொண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். நம் இறாலும் அந்த வகைக் குடித்தனக்காரன்தான். டாப்னி ஃபாட்டின் என்ற அம்மையாரும் அவருடன் உழைத்த இருவரும் 1995 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த இறால் தான் தங்கியிருக்கும் சாமந்தியின் உணர்கொம்புகளையே கடித்துத் தின்கிறது என்று காட்டினார்கள். கடலில் அகன்று பரந்து, வயிறு நிறைய உண்டு, வெயிலையும் பெற்று வளரும் சாமந்திக்கு ஓரிரு கொம்பு நுனிகள் போவதால் பெரிய நஷ்டம் இல்லை. அவை மறுபடி முளைத்துவிடும். நம் தொட்டியிலோ, கைக்குட்டை அகலமே உள்ள, இடமாற்றத்தால் இளைத்துப்போன ஒரு சாமந்தியின் மேல், பசித்த இறால்கள் இரண்டை விட்டால், கணக்கு வேறு விதமாக முடியும்.

ஆகையால்தான் சொல்கிறேன்: இறாலுக்கு இரை போடுவது இறாலின் நன்மைக்காக மட்டும் அன்று, சாமந்தியின் நன்மைக்காகவும் ஆகும். பொடியாக நறுக்கிய இறால் சதை, உறைய வைத்த மைசிஸ் என்ற சிறு கடற்பிராணி, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் ஆகியவற்றை வாரத்திற்குச் சில தடவை சிறிதளவு கொடுத்துவந்தால் அதன் கடி வெகுவாகக் குறையும்.

நச்சுக் கணைகள் நிறைந்த அந்தக் கொம்புகளுக்கு நடுவே இறால் எப்படி உயிரோடு உலவுகிறது என்ற கேள்வி எழும். பிறவியிலேயே அதற்கு முழுக் கவசம் வாய்த்திருக்கிறதென்று எண்ண வேண்டாம். சாமந்தியிடமிருந்து சில நாள் பிரித்து வைத்த இறாலை மறுபடி அதன் அருகில் விட்டுப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்கிறார்கள். அது ஓடிப்போய் ஏறிக்கொள்வதில்லை. மீசையால் ஒரு கொம்பைத் தொடும், பின்வாங்கும். காலின் நுனியால் தொடும், கொம்பு ஒட்டிக்கொண்டால் இழுத்து விடுவித்துக்கொள்ளும். இடுக்கியால் மெல்லக் கிள்ளும். உடலைச் சிறிது சிறிதாக உரசும். இப்படிப் பழகப் பழகக் கொம்புகள் ஒட்டுவது குறைந்து, கடைசியில் அதை அந்நியன் என்று கருதாத நிலை ஏற்பட்டவுடன் உள்ளே போய் அமர்ந்துகொள்ளும். சாமந்தியின் சளிப்பொருளைத் தன் மேல் பூசிக்கொள்வதால் இது கைகூடுகிறது என்பது பலர் கொண்டுள்ள கருத்து. புதிதாக வாங்கிய இறாலைப் பையிலிருந்து நேரே சாமந்தியின் வாயருகில் கவிழ்த்துவிடும் வழக்கம் எவ்வளவு கொடிதென்பது இதிலிருந்து விளங்கும். அதைச் சற்றுத் தள்ளி, ஒதுங்கிக்கொள்ள ஒரு கல்லின் அருகில், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். விடியும்போது அது தன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கும்.

இந்த வகை இறால்களைப் பற்றிய இந்திய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் போட்டவர் ஸ்டான்லி கெம்ப். கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையில் பணியாற்றி, 1916 இல் நெல்சன் அனன்டேல் தலைமையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை பிறந்தபோது அதில் சேர்ந்தவர். பிற பிராணிகளோடு கூடி வாழும் இறால்கள் பெருவாரியாக உள்ள ஒரு குடும்பப் பிரிவைப் பற்றி அவர் 1922 இல் பொருட்காட்சிச் சாலையின் ஆராய்ச்சி ஏட்டில் எழுதிய நெடிய கட்டுரையை இன்றும் இத்துறையினர் கையிலெடுக்கிறார்கள். பின்னாளில் அவர் டிஸ்கவரி கப்பலில் அண்டார்க்டிக் சமுத்திரத்திற்கு ஆராய்ச்சித் தலைவராகச் சென்றார். அதே விலங்கியல் ஆய்வுத் துறையின் மேற்குப் பிராந்திய நிலையம் 1959 முதல் நம் புனேயில் இருக்கிறது; ஆகுர்டியில் அந்தக் கட்டடத்தைக் கடந்து தினந்தோறும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கக்கூடும்.

இனிப் புனே நகரத்தில் கடல் செய்வது எப்படி என்பதற்கு வருவோம். செய்வது என்றுதான் சொல்ல வேண்டும். பம்பாயில் 1951 இல் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன் காட்சிச் சாலை கடலோரத்திலேயே நின்றதால், கடலிலிருந்து நேரே நீரை எடுத்துக்கொள்ள முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. கொங்கணக் கரையிலிருந்து பீப்பாயில் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். மழைக்காலம் நான்கு மாதமும் மலைச்சரிவிலிருந்து பாய்ந்து வரும் ஆறுகள் அந்தக் கரை நீரை நீர்த்துக் கலங்கலாக்கிவிடும். மற்ற மாதங்களிலும் துறைமுகங்களின் எண்ணெயும் ஊர்களின் சாக்கடையும் கலவாத இடத்தைத் தேடிப் போக வேண்டும். செயற்கை உப்பைக் கரைத்துக்கொள்வதே உசிதமான வழி.

உப்பென்றால் சமையலறை உப்பு அன்று. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும்படி நேர்கிறது. தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் வற்ற வற்ற, சுண்ணாம்புச் சத்து முதலில் பிரிகிறது, ஜிப்சம் அடுத்தபடி படிகிறது, அதற்குப் பின்னரே சோற்றுப்பு விளைகிறது. மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் தங்கிவிட, அந்நீரை உப்பளத்தார் வடித்துவிடுகிறார்கள். ஆகவே நாம் கடையில் வாங்கும் உப்பு, கடலிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழித்துவிட்ட பின் எஞ்சியதாகும். சாலஞ்சர் என்ற ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களையெல்லாம் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற ரசாயன சாஸ்திரி பரிசோதித்து, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடினாலும் குறைந்தாலும் அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் எங்கும் மாறுவதில்லை என்று 1884 இல் நிலைநாட்டினார். கோடானுகோடி ஆண்டுகளாக அந்த விகிதத்திலேயே வாழ்ந்து பழகிய பிராணிகளுக்கு வேறு விகிதத்தைக் கொடுத்துப் பரிசோதிப்பதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. கடல் தொட்டிகளுக்கென்றே தயாரிக்கும் கலவை உப்பை, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், சவ்வூடு வடிகட்டிய சுத்த நீரில் கரைத்து, அடர்த்திமானியில் 1.025 காட்டும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். 200 லிட்டர்த் தொட்டிக்கு ஏழு கிலோ உப்பு பிடிக்கும். குழாய் நீரை நேரே பயன்படுத்தலாகாது. நகராட்சியார் நம் ஆரோக்கியத்திற்காகக் கலக்கும் குளோரின் இறாலின் செவுள்களுக்கு ஆகாது.

தாமிரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செப்புக் குடத்தில் நீர் வைத்துக் குடிப்பது நம் இல்லங்களில் புண்ணியமும் மருத்துவமும் ஆன வழக்கம்; அந்தக் குடத்து நீரை அவசரத்துக்குத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு மருந்துக் கடைகளில் தரும் பல திரவங்களில் செம்பு இருக்கிறது. மீனைக் காப்பாற்றும் அதே அளவு இறாலைக் கொன்றுவிடும். இறால்களின் இரத்தம் செம்பை வைத்தே பிராணவாயுவைச் சுமக்கிறது என்பது உண்மைதான். அதற்காக நீரில் கரைந்த செம்பை அவை தாங்கும் என்று கொள்ள வேண்டாம். மருந்து போட வேண்டிய மீனை வேறு பாத்திரத்திற்கு மாற்றி அங்கேயே வைத்தியம் செய்க.

தொட்டியை நிரப்பிய அன்றே பிராணியை விடுவது அநேகர் செய்யும் அவசரம். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியை வேடிக்கை பார்க்கும் பொறுமை வேண்டும். சாமந்திக்கோ இன்னும் பல மாதம் முதிர்ந்த தொட்டி வேண்டும். அதன் உடலுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து ஒளியால் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன என்பதால், வலிமையான விளக்கும் வேண்டும். வெளிச்சம் பிடிக்காவிட்டால் அது இடம்பெயர்ந்து உலாவத் தொடங்கும்; உலாவும் சாமந்தி நீரேற்றியின் உறிஞ்சு வாயில் அகப்பட்டுச் சிதைவது கடல் தொட்டிகளில் அடிக்கடி காணும் துயரம். நீரேற்றியின் வாயைச் சல்லடைத் துணியால் மூடிவிடுங்கள்.

இந்நகரத்துச் சீதோஷ்ணம் நமக்குச் செய்யும் நன்மையையும் தீமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நலம். சித்திரை வைகாசியில் பகல் வெப்பம் 38, 40 டிகிரி வரை ஏறுகிறது. மார்கழி தை இரவுகளில் 11, 12 வரை இறங்குகிறது. குளிருக்கு ஒரு வெப்பமேற்றி போதும். கோடைக்கு எல்லோரும் விலை உயர்ந்த குளிர்சாதனத்தை வாங்கச் சொல்வார்கள். சென்னையில் அந்த யோசனை நியாயமானது. அங்கே காற்றில் ஈரம் மிகுதி, ஆகையால் தொட்டியின் மேல் மின்விசிறியைச் சுழல விட்டாலும் நீர் எளிதில் ஆவியாகாது, குளிராது. புனேயின் கோடைக் காற்றோ உலர்ந்தது. திறந்த தொட்டியின் மேல் ஒரு சிறு விசிறியைச் சாய்த்து வைத்தால் நீர் ஆவியாகும் வேகத்திலேயே வெப்பம் சில டிகிரி குறைந்துவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணமான அதே தத்துவம். மழைக்காலத்தில் இந்த உபாயம் பலிக்காது. ஆனால் ஆனி ஆடியில் புனேயின் காற்றே குளிர்ந்திருப்பதால் அதற்கு அவசியமும் இராது.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் வேனிற் காலத்தில் நாள்தோறும் நீர் மட்டம் குறையும்போது உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெறும் சுத்த நீரைத்தான் ஊற்ற வேண்டும், அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். இறாலும் சாமந்தியும் தம் உடல் நீரின் உப்பைச் சுற்றுப்புற நீரோடு ஒத்துப்போக விட்டு வாழும் ஜீவன்கள். திடீர் மாறுதல் அவற்றைச் சில மணி நேரத்தில் வீழ்த்திவிடும். கடையிலிருந்து கொண்டுவந்த இறாலை ஒரு பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாய் வழியே துளித்துளியாகத் தொட்டி நீரை ஒரு மணி, இரண்டு மணி நேரம் சேர்த்துப் பழக்குவதும் இதனாலேயே.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். 560 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதை விட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. நீரில் கரையும் பிராணவாயுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நுரை கட்டும் வடிகருவியும் நீரோட்டமும் நன்றாக வேலை செய்யும் தொட்டியில் இது பெரிய குறையன்று. மின்சாரம் நின்றால்தான் வேறுபாடு தெரியும். வியாழக்கிழமை தோறும் பராமரிப்பு என்ற பெயரால் சில பேட்டைகளில் மின்சாரமும் சிலவற்றில் குழாய் நீரும் நிறுத்தப்படுவதை இங்குள்ளோர் நன்கறிவர். மின்கலத்தால் ஓடும் சிறு காற்றூதி ஒன்று, சில நூறு ரூபாயில் கிடைப்பது, கைவசம் இல்லாமல் இந்நகரத்தில் கடல் தொட்டி வைப்பது துணிச்சல். பலர் விளக்குக்கும் கல்லுக்கும் ஆயிரங்களைக் கொட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

உடன் வைக்கும் மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறாலைத் தின்னும் வாய் உள்ளவை எல்லாம் தின்னும். லயன்ஃபிஷ், டிரிகர், ஹாக்ஃபிஷ், பெரும்பாலான ராஸ் வகைகள் ஆகியவற்றை விலக்குங்கள். கோமாளி மீனும் சாமந்தியைத் தன் சொத்தாகவே கருதுவதால், சாமந்தி சிறிதாயின் கோமாளி மீனையும் இறாலையும் ஒன்றாக விட வேண்டாம். காலையில் தொட்டியின் அடியில் இறால் ஒன்று செத்துக் கிடப்பதாக எண்ணிக் கலங்குவோருக்கு ஒன்று சொல்லுவேன்: எடுத்துப் பாருங்கள், உள்ளீடற்ற சட்டையாக இருந்தால் அது சில வாரங்களுக்கொரு முறை கழற்றிப் போடும் தோல், சட்டைக்காரன் புதிய தோல் இறுகும் வரை எங்கோ மறைந்திருக்கிறான்.

சாமந்தியின் ஆயுளைப் பற்றிக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஸர் ஜான் டாலியல் என்பவர் 1828 இல் எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் வளர்த்த சாமந்தி ஒன்று, 1851 இல் அவர் காலமான பின்னும் கைமாறிக் கைமாறி எடின்பரோ நகரத்தில் வாழ்ந்து, 1887 இல்தான் மடிந்தது. பாட்டி என்றே ஊரார் அதை அழைத்தார்கள். மின்சாரம் இல்லை, நீரேற்றி இல்லை, செயற்கை உப்பு இல்லை. கடல்நீரைத் தவறாமல் மாற்றிய மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அது குளிர்கடல் இனம், ஒளியை நம்பாதது, ஆகையால் நம் கம்பளச் சாமந்தியை அப்படி வளர்த்துவிட முடியாது. ஆயினும் கடைகளில் வாங்கிய சாமந்திகளில் பெரும்பாலானவை ஓராண்டைக் காண்பதில்லை என்ற நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், குறை பிராணியின் ஆயுளில் இல்லை என்பது தெரியும். மணற்பரப்பில் பல்லாண்டு வாழக்கூடிய ஒன்றைப் பெயர்த்தெடுத்து ஒரு கோடைக்குள் அழித்துவிடுகிறோம்; அதன் மேல் குடியிருந்த இறால் தம்பதியையும் வீடற்றவையாக்கிவிடுகிறோம்.

இதனால்தான், எங்கிருந்து வாங்குவது என்ற கேள்வியை நான் கடைசியில் வைத்திருந்தாலும், என் மனத்தில் அதற்கே முதலிடம். நம் நாட்டுச் சட்டத்தில், கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 ஆம் ஆண்டு முதல் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றிருக்கின்றன. பவளக் கல்லை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அந்நிய நாட்டுப் படங்களில் காணும் வண்ண வண்ணப் பவளத் தொட்டியை இங்கே அப்படியே படி எடுக்க நினைப்பவர் சிறைச்சாலையின் வாசலில் நிற்கிறார் என்பதை உணர வேண்டும். சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து வார்த்துப் பல வாரம் நீரில் ஊற வைத்த கல், சுட்ட மண்கல் ஆகியவற்றில் நுண்ணுயிர்கள் நன்றாகவே குடியேறுகின்றன; சாமந்திக்கும் அதன் இறாலுக்கும் அவையே போதும். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் நடுவேயுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கே கடற்சாமந்தி உள்ளிட்ட எதையும் அனுமதியின்றித் தொடலாகாது. நம் மராட்டியக் கரையிலேயே மால்வன் கடற்பகுதி 1987 இல் சரணாலயம் ஆயிற்று. விஜயதுர்க்கத்திற்கு மேற்கே நடுக்கடலில், மராட்டியக் கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்கரேயின் பெயரைத் தாங்கிய ஆங்க்ரியா திட்டில் பவளங்கள் செழித்திருக்கின்றன.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தாரும், மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை வகுத்துவிட்டார்கள். லட்சத்தீவின் அகத்தித் தீவில் தேசிய மீன் மரபுவளக் கழகத்தார் அமைத்த நிலையத்தின் துணையோடு, உள்ளூர்ப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து அலங்கார இறால்களை வளர்க்கிறார்கள். அவர்கள் வளர்ப்பவற்றில் நான் இதுவரை பேசிக்கொண்டிருந்த ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸும் ஒன்று. வயிற்றடியில் முட்டை சுமக்கும் தாய் இறாலை நாம் வீட்டுத் தொட்டியில் காணலாம். ஆனால் முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சுகள் பல வாரம் நீரில் மிதந்து, தோல் உரித்து உரித்து உருமாற வேண்டியவை. வடிகருவி அவற்றை ஒரே இரவில் விழுங்கிவிடும். அந்தக் கடினமான வேலையை அகத்தித் தீவின் பெண்கள் செய்கிறார்கள். நாம் கொடுக்கும் விலை அவர்களுடைய அடுப்பை எரிய வைக்குமானால், பாறையிலிருந்து திருடுகிறவனுடைய தொழில் அந்த அளவுக்கு நலியும்.

ஆகவே இந்தச் சபையிலுள்ள அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது மிகச் சிறிய காரியம். இறாலோ சாமந்தியோ வாங்குமுன் கடைக்காரரிடம் இது எங்கே வளர்ந்தது, யார் வளர்த்தார்கள் என்று கேளுங்கள். வளர்ப்பு நிலையத்திலிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள். விடை கிடைக்காத கடையில் வாங்காதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ பிளாஸ்டிக் பையில் நீரோடு சாமந்தியைக் கட்டிக் கொடுக்க ஒருவர் முன்வந்தால், எவ்வளவு மலிவாயினும், அதை ரயிலேற்றிப் புனேக்குக் கொண்டுவராதீர்கள்.